மணற்காட்டில் ஓடுதல்

தார் வீதியில் ஓடிப் பழகிய கால்களுக்கு வடமராட்சி கிழக்கின் மணற்காடு வேறு பாடம் நடத்தும். மணல்மேட்டில் ஏறும்போது ஒவ்வோர் அடியும் சற்றுப் பின்னுக்குச் சறுக்கும். உந்தும் விசையை மணல் விழுங்கிவிடுவதால் கெண்டைக்கால் விரைவில் இறுகும். எட்டைக் குறுக்கி, நிதானமாக ஏறுவதே உத்தி.

சவுக்கங்காட்டுக்குள் நுழைந்தால் ஓட்டமே மாறிவிடும். உதிர்ந்த சவுக்குச் சருகு மணலை மெத்தையாக மூடியிருக்கும். மேலே காற்று இரையும், கீழே காலடி கேட்காது. மரநிழலில் வெயிலும் உறைக்காது.

கடற்பக்கம் இறங்கினால் அடம்பன் கொடி காலைத் தடுக்கும், இராவணன் மீசைப் புல் குத்தும். திட்டவேண்டாம், காற்று அள்ளிப்போகாமல் மணலைப் பிடித்துவைத்திருப்பவை அவைதான். அந்த மணலின் வலிமையை அறிய, அதில் புதைந்து இடிந்து கிடக்கும் பழைய அந்தோனியார் தேவாலயத்தைப் பார்த்தால் போதும்.

அதே கரையில் இன்னும் தெற்கே சுண்டிக்குளம். 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். களப்பில் பூநாரைகள் மேயும் காலத்தில் அங்கே ஓடுவது அழகல்ல. நம் வேகத்துக்கு அஞ்சி அவை இரையை விட்டுப் பறக்கும். ஓட்டத்துக்கு மணற்காடு, நடைக்குச் சுண்டிக்குளம் என்று வைத்துக்கொள்ளலாம்.