தேவியும் நளினியும்: ஒரு தொடரை நாம் பார்த்த விதம்

2020 ஏப்ரல் 27 அன்று 'நெவர் ஹேவ் ஐ எவர்' நெட்ஃப்ளிக்ஸில் வெளியானபோது, கொரோனா ஊரடங்கில் நியூஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எல்லா வீடுகளையும் போலத் தமிழர் வீடுகளும் பூட்டிக் கிடந்தன. ஓர் அறையில் பிள்ளைகளின் ஆன்லைன் பள்ளி, இன்னோர் அறையில் பெற்றோரின் அலுவலக மீட்டிங். அந்த நேரத்தில், தேவி விஸ்வகுமார் என்ற பெயரோடு ஒரு தமிழ்ப் பெண் அமெரிக்கத் தொடர் ஒன்றின் நடுநாயகமாக வந்தாள். சாமி படங்களின் முன் நின்று பார்ட்டிக்கு அழைப்பு வேண்டும், கையில் முடி குறைய வேண்டும், ஒரு பாய்ஃப்ரெண்ட் வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். எங்கள் ஊரில் பதினைந்து வயதுப் பெண் உள்ள வீடுகளில் அந்த வாரம் இதுதான் பேச்சு. முதல் நான்கு வாரங்களில் உலகெங்கும் 4 கோடி வீடுகளில் இத்தொடர் ஓடியதாக நெட்ஃப்ளிக்ஸ் சொன்னது.

அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2020 ஜனவரியில்தான், 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூனின் இந்தியக் கடைக்காரர் அபுவுக்கு இனிக் குரல் கொடுப்பதில்லை என்று ஹாங்க் அஸாரியா அறிவித்திருந்தார். முப்பது ஆண்டுகளாக அமெரிக்கத் திரையில் நமக்கென்று இருந்த முகம் அதுதான். அவ்வளவு காலப் பசியோடு காத்திருந்தவர்கள் ஒரே தொடரிடம் எல்லாவற்றையும் எதிர்பார்த்தார்கள். விமர்சனங்களில் பாதிச் சூடு இந்த எதிர்பார்ப்பில் பிறந்தது.

அமெரிக்க விமர்சகர்கள் அநேகமாக ஒரே குரலில் பாராட்டியது தொடரின் துக்கத்தை. பள்ளி இசைக் கச்சேரியில் மகள் ஹார்ப் வாசித்துக்கொண்டிருக்கும்போதே தந்தை மோகன் மாரடைப்பில் இறக்கிறார். அந்த அதிர்ச்சியில் தேவியின் கால்கள் சில மாதம் செயலிழக்கின்றன. மோகனுக்குப் பிடித்த டென்னிஸ் வீரர் ஜான் மெக்கென்ரோவே மகளின் கதையைச் சொல்கிறார். முதலில் விசித்திரமாகத் தோன்றும் இந்த ஏற்பாடு, அப்பா ரசித்த குரல் மகளை விட்டுப் போகவில்லை என்று புரியும்போது நெஞ்சைத் தொடுகிறது. தொடரை உருவாக்கிய மிண்டி கேலிங்கின் தந்தை தமிழர், தாய் வங்காளி. 2012இல் தாயை இழந்தவர் அவர். லாங் ஃபிஷரோடு சேர்ந்து அவர் எழுதிய காட்சிகளில் இழப்பை அறிந்தவரின் கை தெரிகிறது.

குறை சொன்னவர்களும் லேசானவர்கள் அல்லர். விநாயகர் பூஜை எபிசோடில், முஸ்லிமை மணந்து பின்பு விவாகரத்தான ஜெயாவை மற்ற பெண்கள் ஒதுக்குகிறார்கள். பெற்றோர் சொல்லைக் கேட்டிருக்கலாம் என்று அவளே தேவியின் உறவுக்காரப் பெண் கமலாவிடம் வருந்துகிறாள். அந்த ஒதுக்கலை யாருமே தட்டிக்கேட்காமல் கதை நகர்வதைப் பலர் கண்டித்தார்கள். அது நியாயம். பென் என்ற யூத மாணவனைப் பணக்காரத்தனத்தோடு சேர்த்துக் காட்டியதையும், அவனை நோக்கி தேவி நாஜிகளை இழுத்துச் சொல்லும் வசையையும் யூதப் பார்வையாளர்கள் எதிர்த்தார்கள். அதுவும் நியாயம். தேவியுடையது உயர்சாதி வீடு, சாதியின் பெயரைச் சொல்லாமலே அது இந்து வாழ்க்கையின் பொது முகமாக வைக்கப்படுகிறது என்ற விமர்சனத்துக்கு நான்கு பருவங்களிலும் பதில் வரவில்லை. இரண்டாம் பருவத்தில் அனீசா என்ற முஸ்லிம் மாணவி வந்ததைச் சிலர் முதல் குறைக்குப் பரிகாரமாகப் பார்த்தார்கள்.

தமிழ்ப் பார்வையாளரின் மனத்தாங்கல் வேறு வகை. தேவியின் தாய் நளினியாக வரும் பூர்ணா ஜகந்நாதன் தமிழ்க் குடும்பத்தவர். கமலாவாக வரும் ரிச்சா மூர்ஜானியும் பாட்டி நிர்மலாவாக வரும் ரஞ்சிதா சக்ரவர்த்தியும் அல்லர். மொத்த வீடும் ஆங்கிலத்திலேயே சண்டை போட்டு ஆங்கிலத்திலேயே சமாதானமாகிறது. ஆங்காங்கே ஒரு 'கண்ணா' விழுகிறது. இங்கே வாராவாரம் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு ஓட்டிச் செல்லும் ஒருவருக்கு இது உறுத்தாமல் இருக்காது. அதே 2020 டிசம்பரில் தீபா மேத்தாவின் 'ஃபன்னி பாய்' வந்தபோது, தமிழர் அல்லாத நடிகர்கள் பேசிய தமிழைக் கேட்டுக் கனடாத் தமிழர்கள் கொதித்தார்கள். தமிழைத் தவறாகப் பேசவைப்பதா, பேசவைக்காமலே விடுவதா? எனக்கு இரண்டாவதுதான் பெரிய இழப்பு. முதலாவதைத் திருத்திவிடலாம்.

தேவியாக நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணனைப் பற்றி இரு கருத்து இல்லை. மிசிசாகாவில் பிறந்தவர், பெற்றோர் போரால் இலங்கையை விட்டு வந்தவர்கள். திறந்த அழைப்புக்கு வந்த 15,000 பேரிலிருந்து பதினேழு வயதில் தேர்வானார். ஈழத் தமிழர் வீட்டுப் பெண், கலிபோர்னியாவின் ஷெர்மன் ஓக்ஸில் வாழும் இந்தியத் தமிழ்ப் பெண்ணாக நடித்ததைப் புலம்பெயர்ந்தோர் தங்கள் வெற்றியாகவே கொண்டாடினார்கள்.

ஆனால் வீடுகளுக்குள் நடந்த வாதம் இதில் எதைப் பற்றியும் அல்ல, நளினியைப் பற்றித்தான். மகளை இப்படித் திட்டலாமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். அம்மாவை எதிர்த்து இப்படியா பேசுவாள் என்று தாய்மார் கேட்டார்கள். அப்பாவுக்குப் பதில் நீ செத்திருக்கலாம் என்று முதல் பருவத்தில் தேவி சொல்வதைச் சில தாய்மார்கள் மன்னிக்கவே இல்லை. நான் அந்த வசனத்தின் பக்கம்தான் நிற்கிறேன். துக்கத்தை வாய்விட்டுச் சொல்லத் தெரியாத வீட்டில் அது இப்படித்தான் வெடிக்கும். தோல் மருத்துவரான நளினிக்கு நோயாளிகளிடம் பேசத் தெரியும், மகளிடம் பேசத் தெரியாது. தேவியிடம் பேசுவதற்கு தெரபிஸ்ட் டாக்டர் ரையன் இருக்கிறார். நம் வீடுகளில் அடக்கிப் பேசப்படும் கவுன்சலிங்கை ஒவ்வொரு பருவத்திலும் நடுவில் உட்கார வைத்ததே இத்தொடர் செய்த பெரிய காரியம்.

மூன்றாம் பருவத்தில் அதற்கு ஒரு சோதனை வருகிறது. தேவியின் காதலனான இந்தியப் பையன் நிர்தேஷின் கச்சேரியில், அப்பாவின் கடைசி இரவு நினைவில் எழ, தேவி மூச்சு முட்டித் தவிக்கிறாள். அதைப் பார்த்த பையனின் தாய், இப்படிப்பட்ட பெண் வேண்டாம் என்று மகனை விலக்குகிறாள். அவள் நளினியின் தோழி. கணவர் போன பிறகு நளினிக்குக் கிடைத்த அபூர்வமான துணை. விஷயம் தெரிந்ததும் நளினி மகளின் பக்கம் நின்று அந்த நட்பை முறித்துக்கொள்கிறாள். 'மனநலம் சரியில்லை' என்று பேச்சு வந்தாலே சம்பந்தம் முறிகிற சமூகத்தில், ஒரு தாய் இதைச் செய்வதைத் திரையில் நான் பார்த்ததில்லை. உச்சரிப்பைப் பற்றி எழுதப்பட்ட அளவு இக்காட்சியைப் பற்றி எழுதப்படாததில் எனக்கு வருத்தம் உண்டு.

2023 ஜூன் 8இல் வந்த கடைசிப் பருவத்தில் தேவி பிரின்ஸ்டனுக்குப் போகிறாள். எங்களுக்கு அரைமணி நேரத் தூரம். எங்கள் பிள்ளைகளில் பலர் விண்ணப்பித்து, மிகச் சிலரே நுழையும் இடம். முதலில் காத்திருப்போர் பட்டியல். தந்தையைப் பற்றி அவள் எழுதும் கட்டுரைக்குப் பிறகு சீட்டு. மகிழ்ச்சியான முடிவுதான், பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆனால் சோகம் இருந்தால் அட்மிஷன் கட்டுரையில் எழுது என்று பதினேழு வயதினருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஊர் இது. அத்தனை எபிசோடுகளில் தேவி பாடுபட்டுக் கண்டடைந்த சொற்களுக்குப் பரிசாக ஒரு சீட்டைக் கொடுத்தது எனக்கு ஒப்பவில்லை. மலிபு கடலோரத்தில் தாயும் மகளும் மோகனின் சாம்பலைக் கரைத்த முதல் பருவம் எந்தப் பரிசும் இல்லாமலே நிறைவாக முடிந்திருந்தது. கடைசிப் பருவத்துக்கு மட்டும் அது ஏன் தேவைப்பட்டது என்பதே இத்தொடரின் மேல் எனக்குள்ள பெரிய குறை.