அம்மோனைட்டைப் பெயர்த்தெடுக்கும் முன்

மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் மும்மூர்த்திகளுக்காகக் குடைந்த பாறையில் எவ்வளவு தேடினாலும் ஒரு தொல்லுயிர் எச்சம் கிடைக்காது. அது நிலத்தின் ஆழத்தில் வெந்து இறுகிய பாறை. கிழக்கே, புதுச்சேரியை ஒட்டிய வழுதாவூர்ப் பக்கத்து அடுக்குகளோ கிரெட்டேசியக் கடலில் படிந்தவை. அங்கே கே, கன்லிஃப் ஆகியோர் சேகரித்த அம்மோனைட்டுகளுக்கு (அழிந்துபோன, சுருள் ஓடுள்ள கடலுயிர்கள்) இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் பிரம்மா, விஷ்ணு, இந்திரன், சூரியன் என்றெல்லாம் பெயர் வைத்தார். குடைவரையின் மூவரில் இருவர் இங்கும் உண்டு!

அம்மோனைட் என்றதும் கண் சுருளுக்குத்தான் போகிறது. சுருள் நத்தைக்கும் உண்டு. மேலோடு உரிந்த இடத்தில் தெரியும் பொருத்துக்கோட்டைப் பாருங்கள். உள்ளறைகளின் தடுப்புச்சுவர் ஓட்டைத் தொட்ட இடம் அது. உறவினமான நாட்டிலஸில் அது மெல்ல வளையும். அம்மோனைட்டில் கொத்தமல்லி இலையின் ஓரம்போலக் கிளைத்து ஓடும். இந்தக் கோடும் ஓட்டின் மேலுள்ள விலாக்களின் அமைப்பும் இனத்துக்கு இனம் மாறின. பல இனங்கள் சீக்கிரமே அழிந்தும் போயின. அதனால்தான் அம்மோனைட் காலம் சொல்கிறது. எல்லாம் ஒரே துல்லியத்தில் சொல்வதில்லை: இந்திரன் நெடுங்காலம் வாழ்ந்த இனம், பிரம்மாவின் பேரினமோ பெரும்பாலும் கிரெட்டேசியத்தின் கடைசிக் கட்டமான மாஸ்ட்ரிக்டியனுக்கு உரியது.

செத்த ஓடு மிதந்து எங்கோ போயிருக்குமே என்று கேட்கலாம். வாழ்ந்த இடத்தை அறிய வேண்டுமானால் அது சிக்கல்தான். கடலடியில் கிடந்த சிப்பிகளே அதற்கு நல்ல சாட்சி. காலக்கணக்குக்கு மிதப்பு லாபம். பிஸ்கே விரிகுடாக் கரையிலும் பிரம்மாவின் உறவினர்கள் கிடைப்பதால் அந்த அடுக்கையும் நம்முடையதையும் ஒப்பிட முடிகிறது. பாறையை வைத்து எச்சத்துக்கும், எச்சத்தை வைத்துப் பாறைக்கும் வயது சொல்வது சுற்றுவாதம் இல்லையா என்பது இன்னும் கூர்மையான கேள்வி. இல்லை, கீழடுக்கு முந்தியது, மேலடுக்கு பிந்தியது என்ற வரிசை முதலில் களத்தில் கண்டது. உதாரணமாக, அரியலூர்ப் பகுதியில் கிரெட்டேசிய அடுக்குகளுக்கு மேலுள்ள நின்னியூர் அடுக்குகளில் நாட்டிலஸ் வகை தொடர்கிறது, அம்மோனைட் இல்லை. மாஸ்ட்ரிக்டியன் சுமார் 7.2 கோடியிலிருந்து 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை என்ற எண்ணோ, வேறிடங்களில் எரிமலைச் சாம்பலின் கதிரியக்கத்தை அளந்து பெற்றது.

பூஜை அலமாரியில் இருக்கும் சாளக்கிராமமும் அம்மோனைட்தான், கண்டகி நதி கொண்டுவந்தது. இனம் தெரிந்தால் காலம் சொல்லலாம். அதன் மேலும் கீழும் என்ன இருந்தது என்பது ஆற்றோடு போய்விட்டது. ஆகவே வழுதாவூரில் ஒன்றைக் கண்டால் பெயர்க்காதீர்கள். எந்த மண்ணில் பதிந்திருக்கிறது, பக்கத்தில் என்ன சிப்பி என்று பாருங்கள். அம்மோனைட் மட்டும் தேய்ந்து உருண்டிருந்தால், பழைய அடுக்கிலிருந்து அரித்து வந்ததோ என்று சந்தேகப்படுங்கள்.