‘தொடர்புடையவை’ என்று சொல்வது யார்?

ஸ்டேட்டிக் தளங்களில் கட்டுரை முடிந்ததும் ‘தொடர்புடையவை’ என்று மூன்று நான்கு இணைப்புகள் வரும். அதை வடிவமைப்பில் சேர்த்துவிட்டு யாரும் விமர்சிப்பதில்லை. எனக்கு அது ஒரு வாதமாகத்தான் படுகிறது. ‘இதைப் படிச்சாச்சா, அடுத்து அதைப் படிங்க’ என்று தளம் சொல்கிறது. அப்படியானால், ஏன் என்று கேட்கலாம்தானே?

யூடியூப் போன்ற இடங்களில் பரிந்துரைக்கு நம் பழைய தேடலும் பார்வையும் அடிப்படை. ஸ்டேட்டிக் தளத்துக்கு வாசகரைத் தெரியாது. பக்கங்கள் முன்கூட்டியே தயாராகி, கோப்புகளாகக் கிடக்கின்றன. கையில் இருப்பவை கட்டுரைகள் மட்டுமே.

முதலில் ஜெக்கில். அதன் ‘தொடர்புடைய பதிவுகள்’ பட்டியலில், நாம் எதையும் மாற்றாவிட்டால், கடைசியாக வெளிவந்த பத்துப் பதிவுகள்தான் இருக்கும். புதியதைத் தொடர்புடையது என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சொற்பொருள் ஒப்பீட்டுக்குத் தனி வழி உண்டு. ஆனால் தளம் உருவாக நேரம் பிடிக்கும்.

ஹியூகோ இதைவிட நேர்மையானது. 2017இல் வந்த அதன் வசதி முக்கியச்சொல்லுக்கு 100, தேதிக்கு 10 என்று எடை வைத்துக் கணக்கிடுகிறது. எடையை நாமே மாற்றலாம். ஆனால் இயல்பான அமைப்பில், ஒரு கட்டுரைக்குப் பிறகு வந்தவை அதன் பட்டியலில் சேராது. பத்து வருஷம் முந்தைய குறிப்புக்கு வருபவருக்கு, அதைத் திருத்தி எழுதிய புதிய கட்டுரை கண்ணில் படாது. ஆய்வுக் குறிப்புத் தளத்துக்கு இது பெரிய குறை.

தமிழுக்கு இன்னொரு சிக்கல். ‘மணிமுத்தாறு’, ‘மணிமுத்தாற்றில்’, ‘மணிமுத்தாற்றின்’ மூன்றும் நமக்கு ஒரே ஊர். சொல்லை அப்படியே ஒப்பிடும் நிரலுக்கு மூன்று வேறு சொற்கள். வேற்றுமை உருபை வெட்டினாலும் தீராது. றகரம் இரட்டித்து ‘ஆற்று’ ஆகிவிட்டதே! சொல்லைப் பிரிக்கும்போது எழுத்துகளை மட்டும் எடுத்துக் குறிகளை விட்டுவிடும் நிரலானால், ‘மணி’யே ‘மண’ என்று குறைந்துபோகும்.

இன்றைய மொழி மாதிரிகள் இதைப் பெருமளவு சமாளிக்கும். ஆனால் அவை தருவது ஒற்றுமை. எனக்கு வேண்டியது தொடர்பு. இரண்டும் வேறு.

மணிமுத்தாறு அணை பற்றிய என் குறிப்பில் 118 அடி நீர்மட்டம், மதகு, பெருங்கால் பாசனம் எல்லாம் வருகின்றன. எந்தக் கருவியும் அதைப் பாபநாசம், சேர்வலாறு அணைக் குறிப்புகளோடு சேர்க்கும். தப்பில்லை. ஆனால் அணைக்கு மேலே மாஞ்சோலை இருக்கிறது. 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் அந்த மலையை 99 ஆண்டு குத்தகைக்கு விட்டது. 1999 ஜூலை 23 அன்று, அந்தத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் நடந்த பேரணியில் போலீஸ் தடியடி நடத்தியது. தாமிரபரணிக் கரையில் 17 பேர் இறந்தார்கள். மணிமுத்தாறு போய்க் கலப்பதும் அதே தாமிரபரணியில்தான். அணைக் குறிப்புக்கும் இந்தச் சம்பவத்துக்கும் பொதுச்சொல் ஏறக்குறைய இல்லை. அணையிலிருந்து அடுத்த அணைக்கு மட்டுமே போகும் வாசகர் இந்தப் பள்ளத்தாக்கை நீர்க்கணக்காக மட்டும் தெரிந்துகொள்வார். மனுஷங்க விட்டுப்போவாங்க.

இதற்கு நம்மிடம் முன்னோடி இருக்கிறது. உ.வே.சா. 1937இல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பில் ஒப்புமைப் பகுதி என்று ஒன்று உண்டு. இந்தத் தொடருக்கு, இந்தக் கருத்துக்கு, வேறெந்த நூலில் எந்த இடத்தைப் பார்க்கலாம் என்று அது காட்டும். அச்சுப் புத்தகத்துக்கும் வாசகரைத் தெரியாது. படித்தவர் ஒருவர் பொறுப்பேற்றுக் காட்டிய வழி அது.

என் தளத்துக்கு நான் வைத்திருக்கும் விதியும் அதையொட்டியதே. கருவி பத்துத் தலைப்பை எனக்குக் காட்டட்டும். வாசகருக்குப் போவதை நான் தேர்ந்தெடுக்கிறேன். ஒவ்வொரு கட்டுரையின் தலைப்பகுதியிலும் அதிகபட்சம் மூன்று இணைப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணம். புதிய கட்டுரையிலிருந்து பழையதற்கு இணைப்புக் கொடுத்தால், பழையதிலும் திரும்ப ஒன்று. காரணம் எழுத வரலைன்னா இணைப்பு கிடையாது. அந்த இடம் காலியாகவே இருக்கும்.

நூற்றுக்கணக்கான கட்டுரைகளுக்கு இது கட்டுப்படியாகுமா என்று கேட்கலாம். எல்லாவற்றுக்கும் இன்றே செய்ய வேண்டியதில்லை. அணைக் குறிப்பின் கீழே மாஞ்சோலைக்கு ஒரு வரி சேர்க்க ஐந்து நிமிஷம் ஆகும். அதிலிருந்து தொடங்கலாம்.