கோட்டமும் விபாகமும்: ஆட்சிப் பகுதிப் பெயர்களைத் தமிழாக்குவதில் ஒரு பிழை

பெங்களூரில் தமிழர் மிகுதியாக வாழும் ஸ்ரீராம்புரம், கன்னடத்தில் ‘ஸ்ரீராமபுர’ என்று எழுதப்படுகிறது. 2014இல் திறக்கப்பட்ட மெட்ரோ நிலையத்தின் பெயரும் அதுவே. புர என்பது புரமாவதில் இடர் ஏதுமில்லை. ஊர்ப்பெயரைத் தொடர்ந்து வரும் ஹோபளி, தாலுகா, ஜில்லா, விபாக ஆகிய சொற்களைத் தமிழாக்கும்போதுதான் பிழை நேர்கிறது.

இவற்றுள் ‘விபாக’ என்பதைக் ‘கோட்டம்’ எனப் பெயர்ப்பது குறிப்பாக ஆராயத்தக்கது. கருநாடகத்தில் வருவாய் விபாகங்கள் நான்கு: பெங்களூரு, மைசூரு, பெளகாவி, கலபுரகி. ஒவ்வொன்றும் பல மாவட்டங்களை உள்ளடக்கியது. தமிழ்நாட்டு வருவாய்க் கோட்டமோ மாவட்டத்தின் உட்பிரிவு. அதற்கு நிகரானது கருநாடகத்தின் ‘உபவிபாக’வே. எனவே ‘பெங்களூருக் கோட்டம்’ என்னும் தொடர் படிநிலையைத் தலைகீழாக்கிவிடுகிறது. நில ஆவணத்தின் தமிழாக்கத்தைக் கையில் வைத்திருக்கும் ஸ்ரீராம்புரத்துக் குடியிருப்பாளர் ஒருவர், மாவட்டத்திற்குக் கீழுள்ள அலுவலகத்தை நாடுவதா, மேலுள்ளதை நாடுவதா என்பதை இச்சொல்லைக் கொண்டு அறிய இயலாது. இரயில்வே கோட்டம் பல மாவட்டங்களில் பரவிக் கிடப்பது குழப்பத்தை மேலும் மிகுவிக்கிறது.

வரலாற்று வழக்கு இதற்கு மாறானது. தொண்டை மண்டலத்தின் இருபத்து நான்கு கோட்டங்கள் ஒவ்வொன்றும் நாடுகளை உள்ளடக்கிய பெரும் பகுதிகள். பிற்காலக் கலைச்சொல்லாக்கம் பழஞ்சொல்லை மீட்டது. அதன் படிநிலையை மீட்கவில்லை.

‘நாடு’ என்பதும் இத்தகையதே. சோழர் ஆட்சியில் கோலார், பெங்களூர்ப் பகுதிகள் நிகரிலிசோழ மண்டலம் எனப்பட்டன. இன்றைய எலகங்கா தமிழ்க் கல்வெட்டுகளில் இலைப்பாக்க நாடாகக் காணப்படுகிறது. எலகங்கா இன்று தாலுகாவாக உள்ளமையால் அந்நாட்டையும் ‘தாலுகா’ எனப் பெயர்ப்பது பொருந்தாது. நாடு என்பது வேளாண் குடியிருப்புகள் இயல்பாகத் திரண்டமைந்த வட்டாரம் என்பதையும், வளநாடே அரசு வகுத்த பிரிவு என்பதையும் ஒய். சுப்பராயலு 1973இல் வெளியிட்ட சோழநாட்டு அரசியல் புவியியல் ஆய்வு நிறுவியுள்ளது. இவ்வேறுபாட்டைத் ‘தாலுகா’ அழித்துவிடுகிறது.

ஹோபளியைக் ‘குறுவட்டம்’ எனல் ஓரளவு ஏற்கத்தக்கது. தாலுகாவை ‘வட்டம்’ எனும்போது எச்சரிக்கை தேவை. சென்னை வழக்கில் மாநகராட்சி வார்டும் வட்டமே. ‘வட்டச் செயலாளர்’ என்னும் கட்சிப் பதவி தாசில்தாரின் எல்லையைச் சுட்டுவதன்று என்பது சென்னைவாசிகளுக்குத் தெரியும், பெங்களூர்த் தமிழருக்குத் தெரிய வேண்டுவதில்லை. ஆதலின் விபாகம், ஹோபளி, தாலுகா என ஒலிபெயர்த்து, தேவைப்படின் அடிக்குறிப்பில் படிநிலையைச் சுட்டுவதே தக்கது.

மூலத்திலுள்ள பெயரை இக்காலத்திற்கேற்பத் திருத்துவதும் தவிர்க்கத்தக்கது. கனகபுரா 1986 வரை பெங்களூர் மாவட்டத்திலும், அதன்பின் பெங்களூர் ஊரக மாவட்டத்திலும், 2007 முதல் ராமநகர மாவட்டத்திலும் இருந்தது. 2025இல் அம்மாவட்டம் பெங்களூரு தெற்கு எனப் பெயர் மாற்றப்பட்டது. அதே ஆண்டில் பெங்களூரு தெற்கு என்னும் பெயரில் ஒரு மாநகராட்சியும் தோன்றியது. அப்பெயரில் தாலுகாவும் மக்களவைத் தொகுதியும் முன்பே உள்ளன. 1980ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்றில் காணும் ‘பெங்களூர் ஜில்லா’ தமிழாக்கத்திலும் அவ்வாறே நிற்க வேண்டும்.