'வடசென்னை'யில் வராத பாதி ஊர்

'வடசென்னை' படத்தை (2018) போன வாரம் மூன்றாவது முறையாகப் பார்த்தேன். முதல் தடவை தியேட்டரில் கைதட்டியவன்தான். இப்போது கொஞ்சம் மனக்குறை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தைக் காட்டும் படங்களில் வறுமை என்பது ஏதோ மனிதர்களின் பிறவிக் குணம் மாதிரி வரும். அரிவாள், கெட்ட வார்த்தை, ஒரு கானா, முடிஞ்சது. வெற்றிமாறன் சண்டையின் வேரில் ஒரு சாலைத் திட்டத்தை வைத்தார். மீனவக் குப்பத்தைக் காலி செய்துவிட்டு வரப்போகும் சாலை. ராஜன் (அமீர்) எதிர்க்கிறான், சாகிறான். பல வருஷம் கழித்து அதே சண்டை அன்புவிடம் (தனுஷ்) வந்து நிற்கிறது. வெகுஜன சினிமாவில் இது அபூர்வம்.

ஆனால் அந்தச் சாலையால் யார் பிழைக்கப் போகிறார்கள்? படம் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. யார் யாருக்குத் துரோகம் செய்தார்கள், சந்திரா எப்படிப் பழிதீர்ப்பாள் என்பதிலேயே நேரம் போய்விடுகிறது. கதையின் காலத்தில்தான், 2000-இல், தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள். ஊரின் அந்தப் பாதி ஒரு ஷாட்டில்கூட இல்லை. அது இல்லாததால், குப்பத்துக்காரர்களின் கஷ்டத்துக்குக் குப்பத்துக்காரர்களே காரணம் என்று ஆகிவிடுகிறது.

சிறைக் காட்சிகள் பிரமாதம், மறுக்கவில்லை. "உங்க ஊர் ஜெயில செமையா எடுத்திருக்காங்க இல்ல?" என்றார் ஆபீசில் ஒருவர். அதே ஆள்தான் நான் வேலையில் சேர்ந்த முதல் நாள், வீடு புழலில் என்றதும் "எப்ப ரிலீஸ் ஆனீங்க?" என்று கேட்டவர். சார், கதை நடக்கும்போது புழல் சிறை திறக்கவே இல்லை. மத்திய சிறை அப்போது சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்தது. 2006-இல் இங்கே கொண்டுவந்தார்கள். 2009-இல் பழைய சிறையை இடித்து, அந்த இடத்தில் மருத்துவக் கல்லூரிக்குக் கட்டடம் கட்டினார்கள். புழலிலிருந்து நகரத்துக்குப் போவது என்றால் ஏரித் தண்ணீர். 3,300 மில்லியன் கன அடி பிடிக்கும் ஏரி.

புழலும் பெருங்குடியும் சோழிங்கநல்லூரும் 2011 வரை பேரூராட்சிகள்தான். ஒரே சமயத்தில்தான் மாநகராட்சியில் சேர்ந்தன. (பெருங்குடிக்குக் குப்பைமேடு உண்டு, அதையும் சொல்ல வேண்டும்.) ஐ.டி. கம்பெனிகளும் அகலச் சாலையும் அங்கே. நான் தினமும் பஸ் மாறி மாறி சோழிங்கநல்லூர் போய்த் திரும்புகிறேன், போக வர நாலு மணி நேரம். கடன் வாங்கி அங்கேயே வீடு பார்க்கலாமா என்பதுதான் இப்போது எங்கள் வீட்டில் தினசரி சண்டை.

இரண்டாம் பாகம் வரும் என்று ரொம்ப நாளாகச் சொல்கிறார்கள். வந்தால், அன்பு ஒரே ஒரு நாள் பஸ் பிடித்துத் தெற்கே போய்வரட்டும்.