சாலமன் நார்தப்: சாட்சி சொல்ல உரிமையற்றவரின் சாட்சியம்

வெளிநாடுகளிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை அமெரிக்கா 1808-இல் தடைசெய்தது. அதனால் அடிமை வணிகம் ஓயவில்லை, நாட்டுக்குள்ளேயே பெருகியது. 1793-இல் உருவான பருத்தி அரைவை இயந்திரமும், 1803-இல் பிரான்சிடமிருந்து வாங்கிய லூசியானா நிலப்பரப்பும் தென் மாநிலங்களில் பருத்திச் சாகுபடியை விரித்தன. தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற பழைய மாநிலங்களிலிருந்து ஏறக்குறைய பத்து லட்சம் பேர் தெற்கே கொண்டுசெல்லப்பட்டனர். 1850 மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டில் அடிமைகள் சுமார் 32 லட்சம் பேர். ஆள் ஒருவருக்கு ஆயிரம் டாலர் விலை கிடைத்த அந்தச் சந்தை, வட மாநிலங்களில் சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பினத்தவரையும் விட்டுவைக்கவில்லை. அவர்களைக் கடத்தி விற்பது ஒரு தொழிலாகவே நடந்தது. அப்படி விற்கப்பட்டு மீண்டவர்கள் மிகச் சிலர். அவர்களில் முழுமையான பதிவை விட்டுச்சென்றவர் சாலமன் நார்தப்.

கடத்தல்

நார்தப் நியூயார்க் மாநிலத்தில் சுதந்திர மனிதராகப் பிறந்தவர். அவருடைய தந்தை மின்டஸ் அடிமையாக இருந்து, உரிமையாளரின் உயிலால் விடுதலை பெற்றவர். சொந்த நிலமும் வாக்குரிமையும் உடையவர். சாலமன் எழுதப் படிக்கக் கற்றார், வயலின் வாசித்தார். மனைவி ஆன், மூன்று குழந்தைகளுடன் சரடோகா ஸ்பிரிங்ஸில் வாழ்ந்தார். 1841 மார்ச்சில் இருவர் அவரை அணுகி, சர்க்கஸ் குழுவில் வயலின் வாசிக்க நல்ல சம்பளம் தருவதாகச் சொல்லி வாஷிங்டனுக்கு அழைத்துச்சென்றனர். அங்கே அவருக்கு மயக்க மருந்து கொடுக்கப்பட்டது. கண்விழித்தபோது ஜேம்ஸ் பர்ச் என்ற அடிமை வணிகரின் பிடியில், ஒரு கொட்டடியில் சங்கிலியில் கிடந்தார். அவருடைய பணமும் சுதந்திரச் சான்றும் போயிருந்தன. அந்தக் கொட்டடி இருந்தது நாடாளுமன்றக் கட்டடம் கண்ணுக்குத் தெரியும் தொலைவில்.

தாம் சுதந்திர மனிதர் என்று சொன்னதற்காக நார்தப் மரப்பலகையாலும் கயிற்றாலும் அடிக்கப்பட்டார். பின்னர் ‘ஆர்லியன்ஸ்’ என்ற கப்பலில் நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவருக்கு ‘பிளாட்’ என்று பெயரிடப்பட்டது. அடுத்த 12 ஆண்டுகள் அவரைத் தேடியவர்களுக்கும் அவருக்கும் நடுவே நின்ற பெரிய தடை அந்தப் பெயர்தான். கப்பலில் ஓர் ஆங்கிலேய மாலுமியின் உதவியால் அவர் எழுதிய கடிதம், அவருடைய தந்தையின் முன்னாள் உரிமையாளர் குடும்பத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் ஹென்றி பி. நார்தப்புக்குப் போய்ச்சேர்ந்தது. ஆனால் எந்த ஊரில், எந்தப் பெயரில் அவர் இருக்கிறார் என்பது தெரியாததால் எவராலும் எதுவும் செய்ய முடியவில்லை.

தோட்டத்தில்

முதலில் அவரை வாங்கியவர் வில்லியம் ஃபோர்டு என்ற பாதிரியார். ஃபோர்டைக் கனிவான மனிதர் என்றே நார்தப் பதிவுசெய்கிறார். ஆயினும் கடன் நெருக்கடி வந்ததும் அந்தக் கனிவு உதவவில்லை. ஃபோர்டு அவரை டிபீட்ஸ் என்ற தச்சருக்கு விற்றார். கடனைவிட ஆளின் விலை அதிகமாக இருந்ததால், மீதி 400 டாலருக்கு நார்தப்பின் மேலேயே ஃபோர்டுக்கு அடமான உரிமை இருந்தது. டிபீட்ஸ் அவரைத் தூக்கிலிட முயன்றபோது மேற்பார்வையாளர் குறுக்கிட்டுத் தடுத்தார். அவர் முன்வைத்த காரணங்களில் ஒன்று இந்த அடமானம். ஒரு மனித உயிரைக் காக்கப் பத்திரத்தில் இருந்த பாக்கித்தொகையைக் காட்ட வேண்டியிருந்தது. அடிமைமுறையின் இயல்பை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் நிகழ்ச்சி அந்நூலில் வேறில்லை.

1843 முதல் பத்தாண்டுகள் அவர் எட்வின் எப்ஸ் என்பவரின் பருத்தித் தோட்டத்தில் உழைத்தார். ஒரு நாளுக்கு 200 பவுண்டு பருத்தி எடுப்பது அங்கே பொது அளவு. மாலையில் எடைபோடும்போது குறைந்தால் சவுக்கடி. எடை கூடினால் மறுநாள் அதுவே எடுத்தவருக்குரிய அளவாகிவிடும். நார்தப் கங்காணியாக்கப்பட்டார், மற்றவர்களைச் சவுக்கால் அடிப்பது அவர் வேலையாயிற்று. உடலில் படாமல் சவுக்கை வீசப் பழகிக்கொண்டார். பேட்ஸி என்ற பெண்ணிடம் அந்தத் திறமை பயன்படவில்லை. தோட்டத்தில் எவரைவிடவும் அதிகமாகப் பருத்தி எடுத்த அவள், குளிக்கச் சோப்பு வாங்கப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனதற்காகக் கட்டிவைக்கப்பட்டாள். எப்ஸின் கட்டளையால் நார்தப் அவளை அடித்தார். ஒரு கட்டத்தில் இனி முடியாது என்று மறுத்தபோது, எப்ஸே சவுக்கை எடுத்துக்கொண்டார்.

கடிதத்துக்காக ஒரு போராட்டம்

தப்பி ஓடுவது ஏறக்குறைய முடியாத காரியம். சதுப்புநிலங்கள் சூழ்ந்திருந்தன, வேட்டைநாய்கள் இருந்தன, அனுமதிச்சீட்டு இல்லாமல் வழியில் நடக்கும் கறுப்பரை எந்த வெள்ளையரும் பிடிக்கலாம். மிஞ்சியது கடிதம் ஒன்றுதான். புத்தகத்துடனோ எழுதுகோல், மையுடனோ பிடிபட்டால் நூறு சவுக்கடி என்று எப்ஸ் முன்பே எச்சரித்திருந்தார். அடிமையாகி ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு நார்தப் ஒரு தாளைத் திருட்டுத்தனமாக எடுத்தார், மரப்பட்டையைக் காய்ச்சி மை செய்தார், வாத்தின் இறகை எழுதுகோலாக்கினார். எழுதிய கடிதத்தை அஞ்சலில் சேர்க்கக் கூலிக்கு வந்த ஒரு வெள்ளையரை நம்பிப் பேசினார். அவர் எப்ஸிடம் காட்டிக்கொடுத்தார். நார்தப் எல்லாவற்றையும் மறுத்து, கடிதத்தைத் தீயிலிட்டார்.

1852-இல் கனடாவைச் சேர்ந்த சாமுவேல் பாஸ் என்ற தச்சர் எப்ஸின் வீட்டைக் கட்ட வந்தார். அடிமைமுறை தவறு என்று எப்ஸிடமே வாதிட்ட மனிதர் அவர். நார்தப் அவரிடம் தம் கதையைச் சொன்னார். பாஸ் ஆகஸ்டில் மூன்று கடிதங்களை எழுதி மார்க்ஸ்வில் ஊரிலிருந்து அனுப்பினார். அவற்றுள் ஒன்று சரடோகாவிலிருந்த இரண்டு வணிகர்களுக்கும், அவர்கள் வழியாக ஆனுக்கும் போய்ச்சேர்ந்தது.

நியூயார்க் மாநிலம் 1840-இல் இயற்றியிருந்த சட்டம் இங்கே கைகொடுத்தது. கடத்தப்பட்ட குடிமகனை மீட்க அரசுச் செலவில் ஒரு முகவரை அனுப்பும் அதிகாரத்தை அது ஆளுநருக்குத் தந்தது. ஆளுநர் வாஷிங்டன் ஹன்ட், ஹென்றி பி. நார்தப்பை முகவராக நியமித்தார். அவர் 1853-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மார்க்ஸ்வில் வந்தபோது, சாலமன் நார்தப் என்ற பெயரை அங்கே யாரும் அறியவில்லை. உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரின் துணையோடு பாஸைக் கண்டுபிடித்த பிறகே ‘பிளாட்’ யார் என்பது தெரிந்தது. ஜனவரி 3 அன்று ஷெரிஃப் பருத்திக் காட்டுக்கே வந்து, பெயரையும் மனைவி மக்களின் பெயர்களையும் கேட்டார். மறுநாள் ஆவணங்களில் கையெழுத்தாகி விடுதலை உறுதியானது.

நீதிமன்றமும் நூலும்

ஊர் திரும்பும் வழியில் வாஷிங்டனில் பர்ச் மீது வழக்குத் தொடரப்பட்டது. வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பர் சாட்சி சொல்ல அங்கே சட்டம் இடம்தரவில்லை. பர்ச் தப்பினார். கடத்திய இருவர் 1854-இல் அடையாளம் காணப்பட்டுக் கைதாயினர். வழக்கு எந்த நீதிமன்றத்துக்கு உரியது என்ற வாதங்களில் இழுபட்டு, 1857-இல் கைவிடப்பட்டது. ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

வழக்கறிஞர் டேவிட் வில்சனிடம் நார்தப் சொல்ல, அவர் எழுதிய ‘பன்னிரண்டு ஆண்டுகள் அடிமையாக’ என்ற நூல் 1853-லேயே வெளிவந்து சுமார் 30,000 பிரதிகள் விற்றது. ஃபிரெடெரிக் டக்ளஸின் வரலாறும் (1845) ஹாரியட் ஜேக்கப்ஸின் வரலாறும் (1861) அடிமையாகப் பிறந்தவர்கள் விடுதலை தேடியதைச் சொல்பவை. சுதந்திரத்தை அறிந்த ஒருவர் அதை இழந்து, தோட்டத்தை உள்ளிருந்து பார்த்து எழுதியது நார்தப் நூலின் தனித்தன்மை. நடவு, அறுவடை, கரும்பு ஆலை, உணவுப் பங்கீடு, விலை ஆகிய அனைத்தையும் அது துல்லியமாகத் தருகிறது.

அடிமைகளின் தன்வரலாறுகளை அடிமை ஒழிப்பு இயக்கத்தின் பிரசாரம் என்று 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரலாற்றாசிரியர்கள் பலர் ஒதுக்கினர். சூ ஈக்கினும் ஜோசஃப் லாக்ஸ்டனும் 1968-இல் கொண்டுவந்த பதிப்பு, கப்பல் பட்டியல், பத்திரங்கள், நீதிமன்ற ஆவணங்கள் ஆகியவற்றோடு நூலை ஒப்பிட்டு அதன் நம்பகத்தன்மையை நிறுவியது. இந்நூலைத் தழுவி 2013-இல் வந்த ஸ்டீவ் மெக்வீனின் திரைப்படம் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்று, அந்த வரலாற்றை உலகெங்கும் கொண்டுசேர்த்தது.

நார்தப்பின் விடுதலை அடிமைமுறையை எந்த வகையிலும் அசைக்கவில்லை. லூசியானாவின் சட்டம் ஒப்புக்கொண்டதெல்லாம், இவர் தவறாகப் பிடிக்கப்பட்ட ஆள் என்பதை மட்டுமே. அவர் அருகில் பருத்தி எடுத்த பேட்ஸிக்குக் காட்டுவதற்கு எந்தச் சான்றிதழும் இல்லை, அவளுக்காகச் சட்டம் இயற்றிய மாநிலமும் இல்லை. அடிமைமுறையை நாடெங்கும் ஒழித்த 13-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1865 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. தம்மைப் பற்றி மட்டும் எழுதாமல், விட்டுவந்தவர்களின் பெயர்களையும் பாடுகளையும் எழுதிவைத்ததே நார்தப் வரலாற்றுக்குச் செய்த பெருந்தொண்டு.