தேர் வராத தெரு

டிசம்பர் பிறந்தால் எங்கள் கே.கே. நகரில் இரண்டு வகைக் கிறிஸ்தவ வீடுகளைப் பார்க்கலாம். ஒன்றில் காகித நட்சத்திரம் தொங்கும். மற்றதில் வேண்டுமென்றே தொங்காது. நட்சத்திரம் கட்டாதவர்களின் காரணங்கள் எனக்கு மனப்பாடம்: டிசம்பர் 25 என்று வேதத்தில் இல்லை, நாளும் மாதமும் பார்ப்பதைக் கலாத்தியர் நிருபத்திலேயே பவுல் கண்டித்துவிட்டார், தவக்காலம், தேர் எல்லாம் மனிதர் ஏற்படுத்தியவை. வரலாறாகப் பார்த்தால் தேதி பற்றி அவர்கள் சொல்வதில் பெரிய பிழையில்லை. அந்தக் கொண்டாட்டத்துக்கான பழைய சான்று 4ஆம் நூற்றாண்டு ரோமுடையது. கேள்வியும் பழையதுதான். இங்கிலாந்து நாடாளுமன்றம் 1647இல் கிறிஸ்துமஸைத் தடைசெய்தது; மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை கொண்டாடியவருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம்.

பண்டிகை வேண்டுமா வேண்டாமா என்று மேடையில் மோதிக்கொள்பவர்கள் இரு பக்கமும் பெரும்பாலும் ஆண்கள். பண்டிகையை விட்டால் பெண்ணுக்கு வேலை குறையும் என்று சில தோழிகள் சொல்வதுண்டு. எனக்கு நம்பிக்கையில்லை. பண்டிகை கொண்டாடாத சபையில் மூன்று நாள் கன்வென்ஷன் நடக்கிறது. பந்தலுக்குப் பின்னால் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பது யார்?

பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என்று வத்திக்கான் 2016 ஜனவரியில் ஆணை வெளியிட்டது. கேரளத்தின் சீரோ மலபார் திருச்சபைத் தலைமை மறு வருடமே, தங்கள் மரபில் ஆண்களும் சிறுவர்களும் மட்டும்தான் என்று அறிவித்தது. படுக்கையில் கிடக்கும் மாமியார், மாமனார் பாதங்களையெல்லாம் ஆயுசுக்கும் கழுவுகிறவளின் பாதத்தில் ஒரு செம்புத் தண்ணீர் பட்டால் மரபு கரைந்துவிடுமாம்! சடங்கே வேண்டாம் என்று விட்டிருந்தால் இந்த அநியாயம் வெளியே தெரிந்திருக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயிலுக்குக் காவி உடுத்தி நடந்து போகும் பெண்களைப் பாருங்கள். பலர் கிறிஸ்தவர்களே அல்ல. ராத்திரியில், கூட்டமாக, யாரிடமும் காரணம் சொல்லாமல் தெருவில் நடக்க நம் ஊரில் பெண்ணுக்கு வேறு என்ன அனுமதிச் சீட்டு இருக்கிறது? பாமாவின் ‘கருக்கு’ (1992) எனக்கு முக்கியமாவது இங்கேதான். திருவிழாவின் குதூகலத்தையும் கோயிலுக்குள் இருக்கும் சாதியையும் அவர் ஒரே புத்தகத்தில் வைக்கிறார். ஒன்றுக்காக மற்றதை மறைப்பதில்லை.

திருச்சி மாவட்டக் கோட்டப்பாளையம் கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. கோயில் மகதலா மரியாளுடையது. திருவிழாவுக்குத் தங்களிடம் வரி வாங்குவதில்லை, தேர் தங்கள் தெருவுக்கு வருவதில்லை, கல்லறையும் தனி என்று அங்குள்ள தலித் கத்தோலிக்கர்கள் நீதிமன்றம் போனார்கள். 2025இல் உச்ச நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. வரி வாங்காதது ஒரு குறையா என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். வரி கொடுத்தவர்தான் ஊர்க்கணக்கில் ஆள், அம்மா.

அந்த மரியாள் யார்? யோவான் நற்செய்தியின்படி, உயிர்த்த இயேசுவை முதலில் கண்டு சீடர்களிடம் போய்ச் சொன்னவள். 591இல் திருத்தந்தை கிரகோரி ஒரு பிரசங்கத்தில் அவளை லூக்கா சொல்லும் பாவியான பெண்ணோடு ஒன்றாக்கினார். ஏறத்தாழ 1400 ஆண்டுகள் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. 1969 வழிபாட்டு நாட்காட்டித் திருத்தத்தில்தான் நீங்கியது. 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவளுடைய ஜூலை 22ஐ அப்போஸ்தலர்களின் திருநாள்களுக்கு நிகரான விழாவாக்கினார். முதல் சாட்சியாகிய அவளுடைய தேரே ஒரு தெருமுனையில் திரும்பிப் போகிறது என்கிறார்கள் அந்த மக்கள்.

மனுதாரர்கள் தேரை நிறுத்தச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பண்டிகை எதற்கு என்று கேட்பது, அதற்குள் ஏற்கெனவே இடம் உள்ளவருக்குச் சுலபம். தீர்ப்புக்குக் காத்திராமல் அடுத்த ஜூலை 22க்குள் மறைமாவட்டம் ஒன்று செய்யலாம்: வரிநோட்டில் அந்தப் பெயர்களை எழுதலாம். எழுதும்போது தலைக்கட்டு என்று ஆண்களை மட்டும் எண்ணாமல், அந்த வீட்டுப் பெண்களின் பெயர்களையும் சேர்த்து.